குதிரைக்கு டி4 குறைவு என்று ரிப்போர்ட் வந்தால்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு வயது மார்வாரிப் பெட்டை. அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. காலையும் மாலையும் கொள்ளும் தவிடும், நாள் முழுக்க கோ-4 பசும்புல், நடுவில் ஓர் உருண்டை வெல்லம். உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது, பிடரிமயிருக்கு அடியில் கொழுப்பு திரண்டு கட்டையாக நிற்கிறது. போன மாதம் முன்கால்களைத் தாங்கித் தாங்கி நடந்தது. வலிக்கு ஃபினைல்பியூட்டசோன் ஊசி ஐந்து நாள் போட்டதும் நொண்டல் குறைந்தது. ஐந்தாம் நாள் எடுத்த ரத்தத்தைப் பக்கத்திலிருக்கும் ஒரு லேபில் கொடுத்ததில், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4-இன் அளவு 1.1, டிஎஸ்ஹெச் 0.01-க்கும் கீழே. இரண்டுக்கும் எதிரே தடித்த எழுத்தில் ‘குறைவு’. “தைராய்டுதான், 100 மைக்ரோகிராம் மாத்திரை தினம் இரண்டு கொடுங்க” என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். இந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. அதற்காகக் குதிரைக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்தால் தைராய்டைவிட அவசரமான ஒன்று இருக்கும்போலத் தெரிகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தத் தாளைப் பார்ப்போம்.

மனிதருக்கு ரத்தத்தில் மொத்த டி4 டெசிலிட்டருக்குச் சுமாராக 5 முதல் 12 மைக்ரோகிராம் வரை இருக்கும். நல்ல ஆரோக்கியமான குதிரைக்கு அது சுமார் 1 முதல் 3 வரைதான். லேபுக்கு லேப் எல்லை கொஞ்சம் மாறும், ஆனால் மனித அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. உங்கள் லேபின் கம்ப்யூட்டருக்கு வந்திருப்பது குதிரையின் ரத்தம் என்று தெரியாது. எந்தக் குதிரையின் ரத்தத்தைக் கொடுத்தாலும் அது ‘குறைவு’ என்றுதான் அச்சடிக்கும். உங்கள் பெட்டையின் 1.1 குதிரைக்கான எல்லையின் கீழ் ஓரத்தில், ஆனால் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. சில ரிப்போர்ட்டில் அலகு நானோமோல் என்று இருக்கும். மைக்ரோகிராமை 12.87-ஆல் பெருக்கினால் அந்த எண் வரும், உங்களுடையது 14. வெளிநாட்டு அட்டவணையோடு ஒப்பிடும்போது இதைக் கவனிக்காமல் 14-ஐப் பார்த்துவிட்டு “அதிகம்” என்று பயந்தவர்களும் உண்டு.

டிஎஸ்ஹெச் எண்ணை அடித்தே விடலாம். பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைத் தட்டி எழுப்ப அனுப்பும் ஹார்மோன் அது. மனிதர்களில் தைராய்டு சோம்பினால் டிஎஸ்ஹெச் ஏறும், அந்த ஒரு எண்ணிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆனால் டிஎஸ்ஹெச் ஒரு புரதம், அதன் வடிவம் இனத்துக்கு இனம் வேறுபடும். மனித டிஎஸ்ஹெச்சைப் பிடிப்பதற்காகத் தயாரித்த கிட் குதிரையின் டிஎஸ்ஹெச்சை நம்பும்படி பிடிக்காது. பிடிக்காததை மெஷின் ‘0.01-க்கும் கீழே’ என்று எழுதும். டி4, டிஎஸ்ஹெச் இரண்டும் கீழே என்று வந்தால், மனித டாக்டர் ஒருவர் பிட்யூட்டரியிலேயே கோளாறு என்று தலைக்கு ஸ்கேன் எழுதிக்கூடக் கொடுப்பார். தைராய்டே சுரக்கும் டி4, டி3 இரண்டும் அப்படி இல்லை. அவை சின்ன மூலக்கூறுகள், மனிதனிலும் குதிரையிலும் நாயிலும் ஒன்றேதான். அதனால் மனித கிட் அவற்றை ஓரளவு அளக்கும். ஆனால் குதிரையின் அளவு இவ்வளவு கீழே இருப்பதால், அந்தக் கீழ்ப்பகுதியில் கிட் சரியாக அளக்கிறதா என்று சோதித்துப் பார்த்த லேபாக இருக்க வேண்டும்.

அடுத்தது, ரத்தம் எடுத்த நாள். ரத்தத்தில் ஓடும் டி4-இல் 99 சதவீதத்துக்கும் மேலே புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் போகும். ஒட்டாமல் தனியாக ஓடும் துளிதான் செல்லுக்குள் நுழைந்து வேலை செய்கிறது. ஃபினைல்பியூட்டசோன் — லாயத்தில் ‘பியூட்’ என்பார்கள் — இந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடும். நாலைந்து நாள் பியூட் போட்ட குதிரைக்கு மொத்த டி4 சரிவது பலமுறை பார்த்து உறுதியான விஷயம். மருந்தை நிறுத்திய பிறகும் பத்து நாள் வரை அது கீழேயே நிற்கலாம். ஐந்தாவது ஊசியன்று ரத்தம் எடுத்துவிட்டு டி4 1.1 இருக்கிறதே என்று கேட்கிறீர்கள். ஊசி போட்டும் 1.1 இருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பியூட் மட்டுமில்லை. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு, இரண்டு மூன்று நாள் பட்டினி, கடும் பயிற்சி, தானியமும் புரதமும் மிகுந்த தீனி, துத்தநாகமும் தாமிரமும் அளவுக்கு மீறிய மினரல் மிக்ஸ்: இவற்றில் எதுவும் எண்ணை இறக்கும். நேரமும் முக்கியம். விடியற்காலையில் டி4 தாழ்ந்திருக்கும், மாலை நாலு மணி வாக்கில் உச்சிக்குப் போகும். போன தடவை காலையில், இந்தத் தடவை சாயங்காலம் என்று எடுத்துவிட்டு “ஏறியிருக்கு, மருந்து கேக்குது” என்று சொல்வதில் அர்த்தமில்லை. வயதும் கணக்கில் வரும். பிறந்த குட்டிக்கு டி4 வளர்ந்த குதிரையைப் போலப் பத்து மடங்கு, அதற்கு மேலும்கூட இருக்கும். குட்டியின் ரத்தத்தில் ‘நார்மல்’ என்று வந்தால் அங்கேதான் யோசிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. எந்த நோயானாலும் சரி, காய்ச்சல், வயிற்றுவலி, குளம்பில் சீழ், எதுவந்தாலும் உடம்பு தானாகவே தைராய்டு ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும். கையில் காசில்லாத மாதம் வீட்டுச் செலவை இறுக்குகிற மாதிரி. சுரப்பி நன்றாகத்தான் இருக்கும், எண் மட்டும் கீழே போகும். குதிரைகளில் டி4 குறைந்து காண்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகை அல்லது மருந்தால் வந்தவை. வளர்ந்த குதிரைக்கு உண்மையிலேயே தைராய்டு செயலிழப்பது அபூர்வம். இத்தனை வருட வேலையில் சந்தேகமில்லாமல் உறுதியான ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

சரி, நிஜமாகவே தைராய்டு இல்லாத குதிரை எப்படி இருக்கும்? இதற்கு ஊகம் தேவையில்லை. 1970-களிலிருந்து அமெரிக்காவில் சில ஆய்வுகளில் குதிரைகளின் தைராய்டை அறுவை செய்து முழுக்க எடுத்துவிட்டுக் கவனித்திருக்கிறார்கள். அந்தக் குதிரைகள் மந்தமாயின. குளிர் தாங்கவில்லை. உடல் வெப்பமும் இதயத்துடிப்பும் கொஞ்சம் இறங்கின. மயிர் முரடாகி, பழைய மயிர் உதிரத் தாமதமானது. முகத்திலும் பின்கால்களிலும் நீர் கோத்தது, கொலஸ்ட்ரால் ஏறியது. தீனி எடுப்பது குறைந்தது. பெட்டைகள் அப்போதும் பருவத்துக்கு வந்தன, சினைகூடப் பிடித்தன. அவை கொழுக்கவில்லை. பிடரியில் திண்டு ஏறவில்லை. குளம்பு அழற்சி வரவில்லை. உங்கள் பெட்டையிடம் இருப்பதோ இந்த மூன்றும்தான்.

அப்படியானால் “குண்டுக் குதிரை என்றால் தைராய்டு” என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? பாதி மனிதர்களைப் பார்த்து வந்தது. மீதி அமெரிக்க லாயங்களிலிருந்து. அங்கே பல பத்தாண்டுகள் பிடரி பெருத்த, அடிக்கடி குளம்பு நோகும் குதிரைக்கு ‘ஹைப்போதைராய்டு’ என்று பெயர் வைத்துத் தீனியில் தைராக்ஸின், அதாவது டி4, பொடியைத் தூவினார்கள். குதிரை இளைத்தது, காலும் தேறியது. மருந்து கேட்டுவிட்டதே, அப்போது நோய் அதுதானே என்று முடிவு கட்டினார்கள். தைராக்ஸினைத் தேவைக்கு மேலே கொடுத்தால் நல்ல தைராய்டு உள்ள குதிரையும் இளைக்கும் என்பதை யோசிக்கவில்லை. கேட்பாரில்லாமல் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. 2011 நவம்பர் முதல் 2013 மார்ச் வரை ஒரே பயிற்சியாளரின் ஏழு பந்தயக் குதிரைகள் கலிஃபோர்னியாவில் திடீரென்று செத்துப்போயின. மாநிலப் பந்தய வாரியம் விசாரித்தபோது, அந்த லாயத்துக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் நோய் இருக்கிறதா என்று பார்க்காமலே தைராக்ஸின் கொடுத்துவந்தது தெரிந்தது. சாவுக்கு அதுதான் காரணம் என்று வாரியம் நிறுவவில்லை, விதிமீறல் இல்லை என்றும் சொல்லிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகுதான் இந்தப் பொடியை யார், எதற்கு எழுதுகிறார்கள் என்று அங்கே கேட்கத் தொடங்கினார்கள். மிகையான தைராக்ஸின் குதிரையின் இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கும் என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது.

நானும் இந்தக் குழியில் விழுந்தவன்தான். பட்டம் வாங்கிய புதிதில் ஊட்டியில் சவாரிக்கு விடும் ஒரு சாம்பல் நிறப் போனியைக் காட்டினார்கள். பீப்பாய் மாதிரி உடம்பு, கழுத்தின் மேல் விளிம்பு ஒரு பக்கமாகச் சாயும் அளவுக்குக் கொழுப்பு. நடக்க மாட்டேன் என்றது. பியூட் போட்டேன், நாலாம் நாள் ரத்தம் எடுத்தேன், டி4 குறைவு என்று வந்தது. பாடப்புத்தகம் கண்முன்னே நடக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். மாத்திரை எழுதினேன், கூடவே கேரட்டையும் ரொட்டியையும் நிறுத்தச் சொன்னேன். மழைக்காலம், சுற்றுலாக் கூட்டமும் இல்லை. போனி இரண்டு மாதத்தில் தேறிவிட்டது. மாத்திரைதான் காரணம் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன். மே மாதம் சீசன் வந்தது, ஆளுக்கொரு கேரட்டும் பன்னும் நீட்டினார்கள். மாத்திரை போய்க்கொண்டிருக்கும்போதே போனி மறுபடி படுத்துவிட்டது. அந்த வழியாக வந்த மூத்த டாக்டர் ஒருவர் என் ஃபைலைத் திறக்கவே இல்லை. குனிந்து முன்குளம்பைக் கையில் எடுத்தார். சுவரில் வளையம் வளையமாக வரிகள், முன்னால் நெருங்கியும் குதிகாலுக்குப் போகப் போக அகன்றும். அப்புறம் கணுவுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்துவிட்டு, “இங்க வந்து பிடிச்சுப் பாரு” என்றார். நாடி விரலைத் தூக்கித் தூக்கிப் போட்டது. “தைராய்டு கழுத்துல இருக்குப்பா. இவனுக்கு வலி கால்ல இருக்கு. கால மொதல்ல பாரு.”

அந்த வரிகள் ஒவ்வொன்றும் பழைய குளம்பு அழற்சியின் தழும்பு. லாமினைடிஸ் என்று சொல்வது இதைத்தான். குளம்பின் வெளிச்சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைத்துவைக்கும் மெல்லிய மடிப்புகள் வீங்கித் தளர்ந்துபோவது. போனிக்கு இது ஒருமுறை வந்ததல்ல, பலமுறை வந்து போயிருந்தது.

இப்போது உங்கள் பெட்டைக்கு வருகிறேன். பெருத்த உடம்பு, பிடரித் திண்டு, இரண்டு முன்காலிலும் ஒருசேர நொண்டல் மூன்றும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் இன்சுலின் மேல்தான் போக வேண்டும். 2002-இல் இதற்குக் குதிரை வளர்சிதை நோய்க்கூறு என்ற பொருளில் தனிப் பெயர் வைத்தார்கள். தைராய்டு என்று முன்பு தள்ளிவிட்ட குதிரைகளில் பெரும்பகுதி இதில் வந்து சேர்ந்தன. இனிப்போ மாவுச்சத்தோ உள்ளே போனால் இந்தக் குதிரைகளுக்கு இன்சுலின் அளவுக்கு மீறி ஏறும், சீக்கிரம் இறங்காது. சர்க்கரை அளவைப் பார்த்தால் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும், அதனால் “சுகர் இல்லையே” என்று ஏமாந்துவிடுவோம். வேறெதுவும் இல்லாமல் இன்சுலின் ஏற்றமே குளம்பைக் கெடுத்துவிடும் என்பது 2007-இல் ஆஸ்திரேலியாவில் நிரூபணமானது. நலமாயிருந்த போனிகளுக்குச் சர்க்கரையை இயல்பு அளவிலேயே பிடித்துவைத்துக்கொண்டு இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றினார்கள். மூன்று நாளைக்குள் அத்தனைக்கும் லாமினைடிஸ். நம் ஊரில் இன்னொரு அபாயம், நொண்டினால் உடனே ஒரு ஸ்டீராய்டு ஊசி. இப்படிப்பட்ட குதிரைக்கு அது எரிகிற தீயில் எண்ணெய். யாராவது எடுத்து வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலைப் பாருங்கள். கல்லும் குழியுமில்லாத கெட்டித் தரையில் நிற்கவைத்து, இரண்டு குளம்பிலும் கையை வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள், கணுவின் பின்னால் நாடியைத் தேடுங்கள். நல்ல குதிரைக்கு அந்த நாடி கிடைக்கவே சிரமப்படும். துள்ளினால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள், நடக்கவிடாதீர்கள், கீழே மெத்தென்று மணல் கொட்டுங்கள். குளம்புக்கு எக்ஸ்ரே எடுத்து எலும்பு சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பிடரித் திண்டை 0 முதல் 5 வரை மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. கை நிறையத் தடித்து நின்றால் 3, கைக்குள் அடங்காவிட்டால் 4, பக்கத்தில் சாய்ந்து விழுந்தால் 5. மூன்றுக்கு மேல் என்றால் இன்சுலினைப் பார்த்தே ஆக வேண்டும். எடையைக் கண்ணால் ஊகிக்காதீர்கள். நீளமான துணி டேப்பால் முன்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை எடுங்கள், தோள் முனையிலிருந்து புட்டத்து எலும்பு வரை நீளத்தை எடுங்கள், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிட்டத்தட்ட வந்துவிடும். 175 சுற்றளவு, 150 நீளம் என்றால் சுமார் 387 கிலோ. உங்கள் பெட்டைக்கும் அந்த எடை என்றே இங்கே வைத்துக்கொள்கிறேன். ஒரே ஆள், ஒரே டேப், பதினைந்து நாளைக்கு ஒருமுறை.

இன்சுலினை வெறும் வயிற்றில் பார்த்தால் நோய் நழுவிவிடும். ஏற்றிப் பார்க்க வேண்டும். மக்காச்சோளச் சிரப்பைக் கிலோவுக்கு 0.15 மில்லி கணக்கில், அதாவது உங்கள் பெட்டைக்கு 60 மில்லிக்குள், வாயில் ஊற்றி 60 நிமிடத்திலும் 90 நிமிடத்திலும் ரத்தம் எடுப்பது ஒரு முறை. முந்தின ராத்திரி கொஞ்சம் காய்ந்த புல் மட்டும் போட்டிருக்க வேண்டும். இன்சுலின் மில்லிலிட்டருக்கு 45 மைக்ரோ யூனிட்டைத் தாண்டினால் நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். அதைவிட அதிகச் சிரப் ஊற்றியும், குளூக்கோஸ் பொடியைத் தீனியில் கலந்தும் செய்யும் முறைகளும் உண்டு, அவற்றுக்கு எல்லை எண் வேறு. நாடி துள்ளிக்கொண்டிருக்கும் நாளில் இனிப்பு ஏற்றும் எந்தச் சோதனையும் வேண்டாம், அன்று புல் மட்டும் தின்ற நிலையில் ஒரு சாதாரண இன்சுலினே போதும். இங்கேயும் லேபிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் இன்சுலின் கிட் குதிரைக்குச் சரிபார்த்ததா? டிஎஸ்ஹெச்சுக்குச் சொன்ன அதே வம்பு இதற்கும் உண்டு. பதில் மழுப்பலாக வந்தால் கால்நடைக் கல்லூரி மருத்துவமனை வழியாக அனுப்பக் கேளுங்கள். குதிரைக்கு வயது பதினைந்தைத் தாண்டியிருந்தால் பிட்யூட்டரி நோய்க்காக ஏசிடிஹெச் என்ற ஹார்மோனையும் சேர்த்துப் பார்ப்பேன். எட்டு வயதுக்கு அது தேவைப்படாது.

இத்தனைக்குப் பிறகும் தைராய்டைச் சோதித்தே ஆகவேண்டிய குதிரை உண்டா? உண்டு. இளைத்து, மந்தமாக, குளிரில் நடுங்கி, முகம் ஊதி, கொலஸ்ட்ரால் ஏறி, வேறு நோய் எதுவும் அகப்படாத குதிரை. அதற்கு ஒற்றை டி4 போதாது. புரதத்தில் ஒட்டாத டி4-ஐ டயாலிசிஸ் முறையில் பிரித்து அளப்பது மருந்தாலும் நோயாலும் வரும் குழப்பத்தில் பெரும்பகுதியை விலக்கும். அதைவிட உறுதியானது சுரப்பியைச் சீண்டிப் பார்ப்பது. டிஆர்ஹெச் என்ற ஹார்மோனை ஒரு மில்லிகிராம், போனிக்கு அரை மில்லிகிராம், நரம்பில் போடுவார்கள். அது பிட்யூட்டரியைத் தட்டும், பிட்யூட்டரி தைராய்டைத் தட்டும். ஊசிக்கு முன்னால் ஒரு ரத்தம், டி3-க்காக இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, டி4-க்காக நாலு மணி நேரம் கழித்து ஒன்று. இரண்டும் ஏறக்குறைய இரட்டிப்பானால் சுரப்பிக்குப் பழுதில்லை. முதல் ரத்தத்தில் எண் எவ்வளவு கீழே இருந்தாலும் கவலையில்லை. ஊசி போட்டதும் குதிரை மேலுதட்டைச் சுருட்டும், கொட்டாவி விடும், இருமும், கொஞ்சம் நடுங்கும். சில நிமிடத்தில் அடங்கிவிடும். இந்த மருந்து நம் பக்கம் கடையில் கேட்டதும் கிடைக்கிற சரக்கு இல்லை. கிடைக்காவிட்டால் பியூட், ஸ்டீராய்டு எல்லாம் நிறுத்தி முழுசாக இரண்டு வாரம் ஆனபிறகு, வழக்கமான தீனியில் இருக்கும்போது, முன்பு எடுத்த அதே மணிக்கு மறுபடி டி4 பார்க்கலாம். பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும்.

தைராய்டு நிஜமாகவே விளையாடும் இடம் பிறந்த குட்டி. தாய்க்கு அயோடின் குறைந்தாலும் கூடினாலும் குட்டிக்குக் கழுத்துக் கழலை வரும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. வளர்ந்த 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது மூன்றரை மில்லிகிராம் அயோடின். சினைப் பெட்டைக்கு அது 40 மில்லிகிராமைத் தாண்டினால் தாய் நன்றாக இருக்கும், குட்டி கழலையோடும் எழுந்து நிற்கத் தெம்பில்லாமலும் விழும். கடற்பாசிப் பொடியைக் கொட்டிக் கொடுத்த பண்ணைகளில் இது நடந்திருக்கிறது. அயோடின் உப்பு அப்படியில்லை, தினம் 50 கிராம் போட்டாலும் ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டாது. மேற்குக் கனடாவில் இன்னொரு வகை உண்டு. சினை நாள் தள்ளிப்போயும், பிறக்கும் குட்டி பட்டுப்போன்ற மயிரோடும், துருத்திய கீழ்த்தாடையோடும், எலும்பு முற்றாத கணுக்களோடும் வரும். தாய் தின்ற தீவனத்தில் நைட்ரேட் மிகுந்ததும் தாதுக் கலவை கொடுக்காததும் அதோடு தொடர்புள்ளவை என்று கண்டிருக்கிறார்கள். நீங்கள் பெட்டையைச் சினைக்கு விடப்போவதாக இருந்தால் கடற்பாசி கலந்த டானிக் எதையும் இரண்டாக வாங்கி அடுக்காதீர்கள்.

வயதான குதிரைக்குத் தொண்டைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் பக்கத்தில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி வழுக்கி வழுக்கி ஓடினால் அது பெரும்பாலும் தைராய்டில் வரும் சாதுவான கட்டி. ஹார்மோனையும் கெடுப்பதில்லை. மூச்சையோ விழுங்குவதையோ அழுத்தாதவரை விட்டுவிடலாம். குதிரை தின்றும் இளைத்து, நெஞ்சு படபடத்து, பரபரவென்று திரிந்தால் மட்டும் சோதிக்க வேண்டும், அது மிக அபூர்வம்.

தீனிக்கு வருவோம். வெல்லத்தை இன்றோடு நிறுத்துங்கள். கொள்ளும் தவிடும் கோ-4 பசும்புல்லும் இந்த உடம்புக்கு வேண்டாம். காய்ந்த புல் எடையில் ஒன்றரை சதவீதம், அதாவது 387 கிலோவுக்கு ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, நாலைந்து வேளையாகப் பிரித்து. புல்லைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் சர்க்கரை கொஞ்சம் கழியும். பட்டினி மட்டும் போடாதீர்கள். கொழுத்த குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் கொழுப்பு ரத்தத்தில் வெள்ளமாக இறங்கி ஈரல் பழுதாகும். போனிகள் அதில் செத்தே போகும்.

தவிட்டையும் கோ-4-ஐயும் நிறுத்தச் சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது, இதுவும் கழுத்துச் சுரப்பிதான், ஆனால் தைராய்டுக்கு அண்டைவீட்டுக்காரனான பாராதைராய்டு. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. நேப்பியர் வகைப் புல்லில், கோ-4 அந்த வகைதான், ஆக்ஸலேட் மிகுதி, அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். கொங்குப் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் வளரும் கொழுக்கட்டைப் புல்லுக்கும் இந்தக் குணம் உண்டு. கால்சியம் கிடைக்காத குதிரை பாராதைராய்டை முடுக்கித் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் போனால் முக எலும்பு இரண்டு பக்கமும் உப்பி, பல் ஆடி, நொண்டல் காலுக்குக் கால் மாறும். தவிட்டு நோய் என்று மாவு மில் குதிரைகளிடம் முன்பே கண்ட நோய்தான். நம் ஊர்த் தீனிக்குத் தைராய்டைவிட இதற்குத்தான் நான் பயப்படுவேன். நொண்டல் இதனாலும் இருக்கலாம், முகத்தைக் கையால் தடவிப் பாருங்கள். குதிரை மசால் (லூசர்ன்) தீவனம் தினம் கொஞ்சம் சேர்த்தால் கால்சியம் ஓரளவு ஈடாகும். பெயரே குதிரை மசால், நாம்தான் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக, அந்த இரண்டு மாத்திரை. இன்சுலின் கோளாறுள்ள குதிரை தீனியைக் குறைத்தும் இளைக்கவே இல்லை என்றால், தைராக்ஸினை எடை குறைக்கும் மருந்தாகச் சில மாதம் கொடுப்பதுண்டு. தைராய்டு நன்றாக இருக்கிறது என்று தெரிந்தேதான் கொடுப்பார்கள். அந்த அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். உங்கள் பெட்டைக்கு நாளுக்கு 38 மில்லிகிராமுக்கு மேல், 100 மைக்ரோகிராம் மாத்திரையில் 380-க்கும் அதிகம். நிஜமான தைராய்டுக் குறைவுக்கே கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், அதாவது 70, 80 மாத்திரை ஆகும். இரண்டு மாத்திரை என்பது குளத்தில் போட்ட சிட்டிகை உப்பு. பெரிய அளவில் கொடுத்தாலோ டாக்டர் பார்வை வேண்டும், நிறுத்தும்போது பாதி, கால் என்று வாரக்கணக்கில் இறக்க வேண்டும். அந்த நிலைமைக்கு நீங்கள் இன்னும் வரவில்லை.

அடுத்த ரத்தம் எடுக்கும் நாளில் எடுத்த மணி, கடைசியாகத் தின்றது என்ன, எப்போது, கடைசியாகப் போட்ட ஊசி எது, எந்தத் தேதி, இவ்வளவையும் ட்யூபோடு ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள். மேலே ‘குதிரை’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள்.